குண்டு விழுந்த மண்

நான் வளர்ந்த மர்பி டவுன் தெருவில் மெட்ராஸ் சாப்பர்ஸ் பென்ஷன்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், எங்களுக்கெல்லாம் தாத்தா, எங்கிருந்தோ கிடைத்த பழைய தோட்டா முனைகளை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் உருக்கி, அல்சூர் ஏரிக்குத் தூண்டில் குண்டு வார்ப்பார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். கையைக் கழுவுங்கடான்னு யாரும் சொன்னதில்லை.

ஈயம் என்றதும் நம்மவர்க்கு ரசச் சொம்புதான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், பயமில்லை (ஈயம் பூசுகிறவர் கலப்படம் செய்யாத வரைக்கும்!). துப்பாக்கிக் குண்டில் இருப்பது காரீயம், அது நஞ்சு.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 9 எம்.எம். குண்டு ஒன்றில் சுமார் 7 கிராம் காரீயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளிச் சுடுதளம் ஒன்றில் 20 பேர் ஆளுக்கு 100 முறை சுட்டால் ஒரே நாளில் 14 கிலோ! அவ்வளவும் இலக்குக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் போய்ப் புதைகிறது. புதைந்தது சும்மா கிடக்குமா? காற்றும் மழையும் பட்டு அதன்மேல் வெளுத்த பொருக்கு படியும். மண்ணில் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, கூடுதலாக இருந்தால் அந்தப் பொருக்கு கரையும். நம்ம பெங்களூர்ச் செம்மண் பல இடங்களில் லேசான அமிலம்தான். ஆனாலும் களிமண் காரீயத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கிணற்றுக்கு இறங்குவது மெதுவாகத்தான். சீக்கிரம் ஓடுவது மழையில் கரைந்தோடும் மேல்மண். அது ஓடைக்குப் போகும், ஓடை ஏரிக்குப் போகும்.

மருந்து எளிது. சுண்ணாம்பு தூவி மண்ணின் பி.எச். அளவை 6.5க்கும் 8.5க்கும் நடுவில் வைக்கணும், மேட்டில் புல் வளர்க்கணும், அவ்வப்போது மண்ணைச் சலித்துக் குண்டைப் பொறுக்கணும். பொறுக்கியதைத் தாத்தா மாதிரி வீட்டில் உருக்கினால் எல்லாம் வீண்.

புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே 2021 டிசம்பரில் சுடுதளத்திலிருந்து பறந்து வந்த குண்டு 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்தான். அது கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. மண்ணில் தங்கும் குண்டு சத்தமே போடாது.

1990களின் கடைசியில் பெங்களூர் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் ஏழு நகரங்களில் ரத்தம் சோதித்தது. 12 வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டி ஈயம் இருந்தது. 2000இல் பெட்ரோலில் ஈயம் நின்றது. தோட்டாவில் நிற்கவில்லை. பெரியவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தால், குழந்தைக்குப் பாதி வரை சேரும். ரத்தத்தை விட்டு அது எலும்புக்குப் போய் வருஷக்கணக்கில் குடியிருக்கும்.

பிள்ளையை ரைஃபிள் கிளப்பில் சேர்த்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர் ரைஃபிள் பெல்லட்டும் பெரும்பாலும் காரீயம்தான். தளத்தில் எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுப் பச்சைத்தண்ணீரில் கை கழுவச் சொல்லுங்கள். அந்தச் சட்டையை வீட்டுக்குள் உதறாமல், மற்றத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.