அச்சத்தை ஏன் விலை கொடுத்து வாங்குகிறோம்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

இருட்டைக் கண்டால் அஞ்சுகிறோம். பிணம் போகும் தெருவில் ஒதுங்கி நிற்கிறோம். புயல் என்றால் கதவைத் தாழிடுகிறோம். ஆனால் இந்த மூன்றும் நிறைந்த நூல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, உறக்கத்தையும் விட்டுவிட்டுப் படிக்கிறோம். இது என்ன விந்தை! கொலைக் கதைகளும், பேய்க்காற்று வீசும் கடற்கதைகளும் நம்மை ஏன் இப்படி ஈர்க்கின்றன? என் சிற்றறிவுக்கு எட்டிய விடையை இங்கே எழுத விழைகிறேன்.

நம் முன்னோர் இதைப்பற்றி எண்ணாமல் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று அச்சம். அது அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினால் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். அணங்கு என்பது பேய் முதலாக மனிதரை வருத்தும் ஆற்றல். இன்றைய மர்ம நூல்களை இந்த நான்கில் வகைப்படுத்திப் பாருங்கள். கொலையும் கொள்ளையும் வரும் கதை ‘கள்வர்’ வகை. ஆளில்லாத கப்பலும் பாழடைந்த மாளிகையும் வரும் கதை ‘அணங்கு’ வகை. வகுப்பு பழையது; அட்டைப்படம்தான் புதியது!

காப்பியத்திலும் இவை உண்டு. மணிமேகலையில் சாதுவன் என்னும் வணிகனின் மரக்கலம் கவிழ்கிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். அதே நூலில் சார்ங்கலன் என்னும் சிறுவன் சுடுகாட்டில் பேயைக் கண்டு நடுங்கி உயிர்விடுகிறான். கடலும் சுடுகாடும் ஒரே நூலில்!

மேல்நாட்டிலும் இவ்விரண்டும் உடன்பிறந்தவையே. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1838இல் வெளியிட்ட நாவலில், பிணங்களோடு மிதந்து வரும் ஒரு கப்பலைக் காட்டினார். அவரே 1841இல் பாரிஸ் நகரக் கொலை ஒன்றைத் துப்பறியும் கதையையும் எழுதினார். துப்பறியும் சிறுகதைக்கு அதுவே முன்னோடி என்பர். 1897இல் வெளிவந்த ‘டிராகுலா’விலும், செத்த மாலுமியின் கைகள் சுக்கானோடு கட்டப்பட்டிருக்க, ஒரு கப்பல் புயலில் கரை சேர்கிறது.

தமிழ் அச்சுலகில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் துப்பறியும் நாவலுக்குப் பாதை போட்டனர். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950இல் திரைக்கும் வந்தார். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தனர். கடலுக்குச் சாண்டில்யனின் ‘கடல் புறா’ இருந்தது. 1950இல் தொடராக வரத் தொடங்கிய கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில், சதிகாரர் கைப்பற்றிய கப்பலில் வந்தியத்தேவன் கட்டுண்டு கிடக்க, சுழிக்காற்றும் இடியும் அதைத் தாக்கும் இடத்தை யார் மறப்பார்?

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் ஊர் திருநீர்மலை. பெயரில் நீர் உண்டு, கடல் இல்லை. அப்பா நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிலாளி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான்தான். பள்ளிப் பாடப் புத்தகத்துக்கு முன்பே எங்கள் வீட்டில் இருந்த புத்தகங்கள், தாம்பரம் இரயில் நிலையக் கடையில் அப்பா இளவயதில் வாங்கிய பாக்கெட் நாவல்கள். அவற்றை ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். பெரும்பாலும் இராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா.

நான் அந்தப் பெட்டியைத் திறக்கத் தொடங்கியபோது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “படிக்கிற பொண்ணுக்குக் கொலைக் கதை எதுக்கு?” என்றார். அப்பா அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும் சொன்னார்: “என்கூடப் பள்ளிக்கூடத்தை விட்டவங்கள்ல பாதிப் பேருக்கு இன்னிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எனக்கு வருதுன்னா இந்தப் புஸ்தகத்தாலதான். அடுத்த பக்கத்துல என்ன ஆச்சுன்னு தெரியணுமே!”

இந்த ஒரு சொல்லே என் கட்டுரைக்கு வித்து. பள்ளியை விட்டவன் படிப்பை மறப்பது இயல்பு. பழகாத எழுத்து மெல்ல மெல்ல மறைந்துவிடும். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவனை அறிவுரை நூல் விழித்திருக்கச் செய்யாது, அச்சம் செய்யும். ஆவல் செய்யும். ‘தரமற்றவை’ என்று நாம் ஒதுக்கும் நாவல்கள், எழுத்து வாசனை மங்கிப்போக இருந்த ஒருவரின் கையில் எழுத்தை நிலைநிறுத்தியிருக்கின்றன. இலக்கியத் தரம் பற்றிப் பேசுவோர் இதையும் தராசில் வைக்க வேண்டுமன்றோ?

இன்னொரு நன்மையும் உண்டு. நல்ல மர்மக் கதை அச்சத்தோடு நிற்பதில்லை, ‘ஏன்?’ என்று கேட்கவும் வைக்கிறது. கோடிக்கரைச் சதுப்பில் இரவில் தோன்றும் கொள்ளிவாய்ப் பேய்களைப் பூங்குழலி அஞ்சாமல் பார்க்கிறாள். மக்கள் பேய் என்று ஓடிய அந்த ஒளியை, சேற்றில் மக்கும் பொருள்களிலிருந்து எழும் வாயுக்களோடு தொடர்புபடுத்துகிறது அறிவியல். ‘அணங்கு’ என்று அஞ்சியதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவதுதானே வேதியியல்! நம் சென்னையில் 1849லேயே நஞ்சு முதலியவற்றை ஆராய அரசு இரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் ஏற்பட்டது என்பதை அறிந்தபோது என் பாடத்தின்மேல் எனக்குப் புதிய பற்று உண்டாயிற்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கதை வேறு, வாழ்க்கை வேறு. 1952 ஆகஸ்டில், எழும்பூரிலிருந்து நம் தாம்பரம் வழியாகத் தனுஷ்கோடிக்குச் செல்லும் ‘போட் மெயில்’ இரயிலில் ஒரு பெட்டி கிடந்தது. மானாமதுரையில் திறந்தபோது உள்ளே தலையற்ற உடல். தலை சென்னை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையவையே என்பதை மருத்துவ ஆய்வு நிறுவியது. அதுவே ஆளவந்தார் கொலை வழக்கு. 1953இல் ஒரு கணவனும் மனைவியும் தண்டனை பெற்றனர். நாவலைவிட நாவலாக இருக்கிறது என்று இன்றும் பேசுகிறோம். ஆனால் செத்தவர் ஒரு மனிதர்; அவருக்கும் ஒரு வீடு இருந்தது. அந்த இரயில் சென்றடைந்த தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் புயல் அழித்தது. பயணிகளோடு ஓர் இரயிலையே கடல் கொண்டுபோயிற்று. கதையின் அச்சம் கடைசிப் பக்கத்தில் முடிகிறது. உண்மையின் அச்சம் அப்படி முடிவதில்லை. இந்த வேறுபாட்டை மறவாதவரே நல்ல வாசகர்.

அந்த வேறுபாட்டை நான் அறிந்தது பத்து வயதில். திருமங்கையாழ்வார் வந்தபோது எங்கள் மலையை நீர் சூழ்ந்திருந்தது என்றும், அவர் பல மாதம் காத்திருந்து வழிபட்டார் என்றும் தலவரலாறு கூறும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது அந்தக் கதை எங்களுக்கு நேரில் விளங்கியது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அன்று இருட்டில் கேட்ட நீரின் ஓசையை எந்தக் கடற்கதையிலும் நான் படித்ததில்லை. படிக்க விரும்பவும் இல்லை.

வெள்ளம் வடிந்தபின் அப்பா முதலில் அரிசியைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். நனைந்த நாவல்களைத் தாள் தாளாகப் பிரித்து வெயிலில் காய வைத்தார். பாதி போயிற்று. மிஞ்சியவற்றுள் ஒன்றுக்கு அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. பெயர் தெரியாது, கொலையாளி யார் என்றும் தெரியாது.

அதைத்தான் நானும் அப்பாவும் அதிகமாகப் படித்திருக்கிறோம். டாக்டர்தான் கொலையாளி என்பது என் கட்சி. டிரைவர் என்பது அப்பாவின் கட்சி. “ஆதாரம் என்ன? எந்தப் பக்கத்துல இருக்கு?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். இப்போது ஆய்வுக்கூடத்தில் சோதனை முடிவை எழுதும்போதெல்லாம் அந்தக் கேள்வி என் காதில் விழுகிறது.

ஆகவே அன்பு நண்பர்களே, நாம் அச்சத்தை விலை கொடுத்து வாங்குவது அச்சத்துக்காக அன்று. அதைக் கேள்வி கேட்கும் துணிவுக்காகவே என்பது என் துணிபு. உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய நாவல்கள் இருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எங்கள் நாவலின் கடைசிப் பக்கம் கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்தாலும் அப்பா தம் கட்சியை விட்டுக்கொடுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை!