‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லின் விலை

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய பெண்மணி ஒருவர், தம் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டார். முகாமில் அவருக்கு ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தனர். அதில் ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் எழுதப்பட்டிருந்தது. அதைக் குடும்ப அட்டையின் உறைக்குள் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். ஏழெட்டு மாதங்கள் கழித்து மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. உடன் பணிபுரிந்தவர்கள் மருத்துவரிடம் போகச் சொன்னபோதெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: ‘அவங்கதான் ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்களே!’

ஒருநாள் அந்தச் சீட்டை என்னிடமும் காட்டினார். நானும் படித்துப் பார்த்து, ‘அப்படியானால் கவலை வேண்டாம் அம்மா’ என்றேன். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, புள்ளியியலும் கற்பித்தவன் நான். அந்தச் சீட்டில் என்ன குறை என்று எனக்கும் தெரியவில்லை. அவர் மருத்துவமனைக்குச் சென்றபோது ஓராண்டு கழிந்திருந்தது. அடுத்த பொங்கலுக்கு அவர் உயிரோடு இல்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு என் வீட்டிலேயே இதற்கு நேர்மாறான ஓர் அனுபவம் நேர்ந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றின் முழு உடல் பரிசோதனைத் திட்டத்தில் என் மனைவிக்கு மேமோகிராம் எடுக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசி ஒலித்தது. ‘படத்தில் ஏதோ தெரிகிறதாம், திங்கட்கிழமை வந்து டாக்டரைப் பாருங்கள்’ என்றது ஒரு குரல். அழைத்தவருக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. மூன்று இரவுகள் எங்கள் வீட்டில் எவரும் உறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பீரோவைத் திறந்து, எந்த நகை எந்த மகளுக்கு என்று ஒரு தாளில் எழுதி வைத்தார். திங்களன்று மீண்டும் படமெடுத்து, ஸ்கேனும் செய்து பார்த்தார்கள். சாதாரண நீர்க்கட்டி. ‘இப்படிப் பலருக்கும் வரும்’ என்றார் மருத்துவர். அந்த ஒரு வாக்கியத்தை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம்.

இரு நிகழ்வுகளிலும் கருவியோ, சோதித்தவரின் திறமையோ குறையுடையது என்று நான் சொல்ல வரவில்லை. முடிவோடு சேர்த்துத் தரப்பட வேண்டிய விளக்கம் தரப்படவில்லை என்பதே என் முறையீடு.

நோய் அறிகுறி ஏதுமில்லாத பெருந்திரளான மக்களிலிருந்து, மேலும் சோதிக்க வேண்டியவர்களை மட்டும் பிரித்தெடுப்பதை மருத்துவத்தில் ஸ்கிரீனிங் என்பர். நோய் இருப்பதை உறுதிசெய்வது வேறு வேலை. நாமோ தமிழில் இரண்டையும் ‘பரிசோதனை’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். அதனால் முகாமில் வரும் முடிவை மக்கள் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கின்றனர். உண்மையில் அது ஒரு சல்லடை. சலிக்கும்போது நல்ல தானியமும் கொஞ்சம் மேலே தங்கும். சிறு கல் சிலவும் கீழே விழும். மேலே தங்கியதெல்லாம் கல்லல்ல. கீழே விழுந்ததெல்லாம் தானியமுமல்ல.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்ஸர் மருத்துவர்களிடமே கேட்டுவரும் புகழ்பெற்ற கணக்கு இது. 1,000 பெண்களில் 10 பேருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துப் பேரில் 9 பேரை மேமோகிராம் சரியாகக் காட்டும். நோயற்ற 990 பேரில் ஏறத்தாழ 89 பேருக்கும் ‘ஐயம்’ என்றே காட்டும். ஆக, மொத்தம் 98 பேர் திரும்ப அழைக்கப்படுவார்கள். அவர்களில் உண்மையாகவே நோயுள்ளவர்கள் 9 பேர். அதாவது, பத்தில் ஒருவர். இதே விவரங்களைச் சதவீதங்களாகச் சொல்லி 160 மகப்பேறு - மகளிர் நல மருத்துவர்களிடம் அவர் கேட்டபோது, சரியான விடையைச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மட்டுமே. ஆயிரம் பேரில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக மாற்றிச் சொன்னதும் பெரும்பாலானோருக்கு விடை விளங்கிவிட்டது. ஆகவே, மக்களுக்கு மட்டுமல்ல, மருத்துவர்களுக்கும் எப்படிச் சொல்கிறோம் என்பது முக்கியம்.

பொருளியலில் இதற்கு நெருங்கிய சிந்தனை ஒன்று உண்டு. நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ, 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மருத்துவம் ஏனைய சந்தைகளைப் போன்றதன்று என்று விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. ஆகையால் அந்த உறவு நம்பிக்கையின் மீதே நிற்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். நோயாளி மருத்துவரைத் தேடிச் செல்லும் இடத்திலேயே நிலைமை இதுவென்றால், நலமாக இருப்பவரின் வீட்டு வாசலுக்கு அரசு தானே சென்று ‘வாருங்கள், சோதிக்கிறோம்’ என்று அழைக்கும்போது விளக்கிச் சொல்லும் கடமை இன்னும் கூடுகிறது. அழைத்தவர் நாம், அவர் கேட்டு வரவில்லை.

பிரிட்டன் இந்தப் பாடத்தைத் தாமதமாகக் கற்றது. அந்நாட்டில் 1988 முதல் நடைபெறும் மார்பகப் பரிசோதனைத் திட்டத்தின் அழைப்புக் கடிதங்கள், நன்மையை மட்டுமே பேசுகின்றன என்ற விமர்சனம் நெடுநாள் இருந்தது. பேராசிரியர் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு 2012-இல் இதை ஆராய்ந்தது. அதன்பின் எழுதப்பட்ட துண்டறிக்கை, காப்பாற்றப்படும் ஒவ்வோர் உயிருக்கும் ஈடாக ஏறத்தாழ மூன்று பெண்களுக்கு, ஒருபோதும் உயிருக்கு ஆபத்தாக மாறியிருக்காத புற்றுநோயும் கண்டறியப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்படுகிறது என்பதை ஒளிக்காமல் கூறியது. பரிசோதனைக்கு வருவதா, வேண்டாமா என்பதை அவரவரே முடிவு செய்யலாம் என்றும் கூறியது.

அயர்லாந்து கொடுத்த விலை இன்னும் பெரிது. அங்கு 2008-இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் தொடங்கப்பட்டது. விக்கி ஃபெலன் என்ற பெண்ணுக்கு 2011-இல் எடுத்த மாதிரியில் கோளாறு ஏதுமில்லை என முடிவு வந்தது. 2014-இல் அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பழைய மாதிரியைத் தணிக்கை செய்தபோது முதல் முடிவு தவறு எனத் தெரிந்தது. ஆனால், அது அவருக்குத் தெரிவிக்கப்பட்டது 2017-இல்தான். அவரைப் போன்றவர்கள் 200-க்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோருக்குத் தணிக்கை முடிவு சொல்லப்படவே இல்லை. திட்ட அலுவலகம் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. நோயாளியிடம் யார் சொல்வது என்பதில் அலுவலகமும் மருத்துவர்களும் ஒருவரையொருவர் கைகாட்டிக் கொண்டிருந்தனர்.

நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்க மறுத்த ஃபெலன், 2018 ஏப்ரலில் நீதிமன்ற வாயிலில் நின்று பேசியபோது நாடே அதிர்ந்தது. ஒரு மாதிரியைத் தவறாகப் படிப்பது எந்தத் திட்டத்திலும் ஓரளவு நேரக்கூடியதே. சல்லடையின் இயல்பு அது. இதைத் தொடக்கத்திலேயே மக்களிடம் சொல்லாததும், தவறு தெரிந்த பிறகு மறைத்ததுமே மக்களின் நம்பிக்கையைக் குலைத்தன. ஃபெலன் 2022 நவம்பரில் காலமானார். நேர்ந்த தவற்றை நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்வதைக் கட்டாயமாக்கும் சட்டம் அயர்லாந்தில் 2023-இல் நிறைவேறியது.

நல்ல முன்மாதிரிக்கு நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, 2000 முதல் 2003 வரை 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே நடத்தப்பட்ட கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. பயிற்சி பெற்ற செவிலியர்கள், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். 3,088 பேருக்கு ஐயம் எனக் காட்டியது. அவர்களில் 3,052 பேர் அடுத்தகட்ட சோதனையை முடித்தனர். அதாவது, நூற்றில் ஏறத்தாழ 99 பேர். 2007-இல் லான்செட் இதழில் வெளிவந்த முடிவுகளின்படி, இந்த நோயால் நேரும் மரணங்கள், பரிசோதனை நடைபெறாத பகுதிகளைவிட 35 சதவீதம் குறைவாக இருந்தன.

இது எவ்வாறு இயன்றது? ஐயம் எனத் தெரிந்த பெண்ணுக்கு அடுத்த சோதனையும், தேவைப்பட்டால் எளிய சிகிச்சையும் அதே வருகையிலேயே கிடைத்தன. யாரோ ஒருவர் தொலைபேசியில் அழைத்துத் திங்கட்கிழமை வரச் சொல்லவில்லை. சோதித்த செவிலியரே எதிரில் அமர்ந்து சொல்ல முடிந்தது. அடுத்த படி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் சொல்லும் சொல்லுக்குப் பொருளுண்டு. நோயைக் கண்டறிய அழைப்பதானால், அதை உறுதிசெய்யவும் சிகிச்சை அளிக்கவும் வசதி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1968-இலேயே வெளியிட்ட வில்சன் - யுங்னர் நெறிகள் வலியுறுத்துவதும் இதைத்தான்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப் பணியாளர்கள், இன்று வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை எப்போதேனும் செய்துகொண்டவர்கள் நூற்றில் ஏறத்தாழ 10 பேர். இந்திய அளவில் இரண்டு பேர்கூட இல்லை. ‘இவ்வளவு குறைவானவர்களே வரும்போது, பரிசோதனையின் குறைகளையும் சொன்னால் வருகிறவர்களும் நின்றுவிட மாட்டார்களா?’ என்று சில மருத்துவ நண்பர்கள் என்னிடம் கேட்டதுண்டு.

நியாயமான கேள்விதான். ஆனால், அரைகுறை உண்மையால் அழைத்து வரப்படுபவர் ஒருமுறைதான் வருவார். தேவையின்றி அஞ்சியவர் தம் தெருவுக்கே அச்சத்தைச் சொல்வார். தவறான நிம்மதியால் இழப்பு நேர்ந்த குடும்பம் எந்த முகாமையும் நம்பாது. நம்பிக்கை ஒரு மூலதனம். அதை எடுத்துச் செலவழிப்பது எளிது, மீண்டும் சேர்ப்பது கடினம்.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. முதலாவதாக, ‘நார்மல்’, ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொற்களைக் கைவிட்டு, முடிவுச் சீட்டில் நான்கு வரிகள் தமிழில் அச்சிட வேண்டும்: இன்று என்ன பார்த்தோம், என்ன தெரிந்தது, அதற்கு என்ன பொருள், அடுத்து எங்கே எப்போது வர வேண்டும். இரண்டாவதாக, மீண்டும் அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இராது என்பதை, அழைக்கும்போதே, அவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடையளிக்கத் தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், கிராமச் செவிலியர், களப் பணியாளர் ஆகிய மூவர் கையிலும் ஒரே விளக்கக் குறிப்பு இருக்க வேண்டும். வாசலில் ஒன்றும் மருத்துவமனையில் வேறொன்றும் கேட்டால் மக்கள் இரண்டையும் நம்ப மாட்டார்கள். அனுப்பப்பட்டவர் வந்து சேர்வதற்கு முன்பே அவருடைய முடிவு மருத்துவரை எட்டியிருக்க வேண்டும்.

நான்காவதாக, வெற்றியை அளக்கும் கோல் மாற வேண்டும். எதை அளக்கிறோமோ அதுவே நடக்கும் என்பது நிர்வாகத்தில் நாம் அறிந்ததே. ‘இத்தனை லட்சம் பேருக்குப் பரிசோதனை’ என்ற எண்ணோடு, ஐயம் எனக் காட்டியவர்களில் எத்தனை பேர் அடுத்த சோதனையை முடித்தார்கள் என்ற எண்ணையும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். அம்பிளிக்கையின் 3,088-க்கு 3,052 என்ற கணக்கே நமக்கு இலக்காக இருக்கட்டும்.

அந்த அலுவலக உதவியாளரின் சீட்டு இன்றும் என் நினைவைவிட்டு அகலவில்லை. அதில் ஒரு சொல்லுக்குப் பதில் இப்படி எழுதியிருந்தால் போதும்: ‘இன்று ஐயத்துக்குரிய எதுவும் தென்படவில்லை. பிறகு கட்டியோ, வேறு மாற்றமோ தெரிந்தால், இந்தச் சீட்டை நம்பிக் காத்திராமல் உடனே வாருங்கள்.’ அதைப் படித்திருந்தால் அவர் போயிருப்பார். நானும் ‘கவலை வேண்டாம்’ என்று சொல்லியிருக்க மாட்டேன்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு)