யந்திரசாலைக்கு இடந் தேர்தல்

திருவண்ணாமலையை வலம் வருவோர் பாதரட்சையைக் கழற்றி வைத்துவிட்டுப் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடப்பது தொன்றுதொட்ட வழக்கம். பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் இவ்வாறு நடக்கும் ஊரைத் தலைநகராகக் கொண்ட ஜில்லாவிலேதான், கடல்கடந்த நாடுகளில் ஓடுவோரும் ஆடுவோரும் அணியும் பாதரட்சைகள் பெருந்தொகையாகச் செய்யப்படுகின்றன என்பதை நம் மாணவருள் எத்துணைபேர் அறிவர்? ஜில்லாவின் வடபாகத்தில், செய்யாற்றிலிருந்து காஞ்சிபுரஞ் செல்லும் வழியில், மாங்கால் கூட்டுச்சாலையை அடுத்துள்ள சிப்காட் தொழிற்பேட்டையே அவ்விடமாம். தாய்வான் தீவைச் சார்ந்த ஃபெங் டே குழுவினர், லோட்டஸ் ஃபுட்வேர் என்னும் பெயரால் ஆங்கு ஆலை நிறுவி, அமெரிக்க நாட்டு நைக்கி நிறுவனத்தாருக்குப் பாதரட்சை செய்து அனுப்பி வருகின்றனர்.

ஆங்குக் கடல் இல்லை. புகைவண்டி நிலையமும் இல்லை. பாதரட்சைக்கு வேண்டிய செயற்கைத் துணியும் நுரைப்பொருளும் விளையுமிடமும் அஃதன்று. அங்ஙனமாயின், உலகமெல்லாம் இடந்தேடிய ஒரு கம்பெனியார் அவ்விடத்தை ஏன் தேர்ந்தனர்? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

ஆல்பிரெட் வெபர் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் 1909 ஆம் ஆண்டில் இப்பொருள்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். செய்யுங்கால் எடை குறையும் மூலப்பொருள் ஆலையைத் தன்பால் ஈர்க்கும் என்பது அவர் கண்ட முதல் நியாயம். இதனை விளக்க ஜெர்மனிக்குப் போகவேண்டுவதில்லை. செய்யாற்றுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்குக. பத்து டன் கரும்பை அரைத்தால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு டன் சர்க்கரையே. வெட்டிய கரும்போ நாள் செல்லச்செல்ல இனிப்புக் குன்றும். ஆதலின் கரும்பு இருக்குமிடத்திற்கு ஆலை வந்தது. ஆரணிப் பட்டின் செய்தி இதற்கு நேர்மாறானது. பட்டுநூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வரினும், நெசவு ஆரணியில் நிலைத்தது; நெய்யறிந்த கைகள் ஆங்கிருந்தமையே காரணம். கைத்திறமோ கூலியின் குறைவோ போக்குவரத்தில் மிகும் செலவை ஈடுசெய்யுமாயின் தொழில் அத்திசைக்குப் பெயரும் என்பது வெபர் கூறிய இரண்டாம் நியாயம்.

பாதரட்சை இவ்விரண்டாம் நியாயத்தின்பாற்பட்டது. இராணிப்பேட்டையும் ஆம்பூரும் தோல்பதனிடுதற்குப் பெயர்பெற்ற ஊர்களாதலின், அவற்றின் அண்மையே காரணமென்று சொல்வாரும் உளர். அது முழுதும் பொருந்தாது. விளையாட்டுப் பாதரட்சையில் தோலின் பங்கு சிறிதே. அதன் மேற்பாகம் பல துண்டுகளை இணைத்துத் தைக்கப்படுவது. வளைந்தும் நெகிழ்ந்தும் போகும் அத்துண்டுகளைப் பிடித்துத் தைக்கும் யந்திரங்கள் சில வந்துளவெனினும், மனிதர் விரலுக்கு இணையானது இன்னும் வாய்த்திலது. ஆகவே ஒரே கூரையின்கீழ் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். மானாவாரி நிலமும் ஏரிப்பாசனமும் கொண்ட செய்யாறு, வந்தவாசிப் பகுதியில், பள்ளிப்படிப்பு முடித்து வேலையின்றி வீட்டிலிருந்த பெண்கள் மிகப்பலர். ஆலையின் தொழிலாளருட் பெரும்பாலார் இவர்களே. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் பெண்களில் 100-க்கு 40-க்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் உள்ளனர் என்னும் அரசாங்கக் கணக்கையும் இதனோடு சேர்த்து எண்ணுக.

சரக்குப் போக்குவரத்து என்றவுடன் நாம் கப்பலையே நினைக்கின்றோம். என் கருத்தில், இவ்வாலையின் முதற் போக்குவரத்துச் சாதனம் விடியற்காலையில் கிராமந்தோறும் சென்று பெண்களை ஏற்றிவரும் பேருந்தேயாகும். அது எட்டும் தூரமே ஆலையின் எல்லை. பட்டணத்தில் ஆலை வைத்தால் துறைமுகம் அருகிருக்கும். ஆனால் தொழிலாளர் குடியிருக்க வாடகை கொடுத்தல் வேண்டும், அதற்கேற்பக் கூலியும் உயரும். கிராமத்துப் பெண் தன் வீட்டிலிருந்தே வந்துபோகின்றாள். கம்பெனியார்க்கு இதனால் உண்டாகும் மிச்சம் சென்னைத் துறைமுகம் வரையுள்ள ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் லாரிச் செலவினும் பெரிது.

அந்தச் செலவு சிறிதாயிருத்தற்குக் கண்டெய்னர் என்னும் இரும்புப் பெட்டகமே காரணம். நாற்பதடிப் பெட்டகம் ஒன்றில் சுமார் 5,000 ஜோடி அடங்கும். பாதரட்சை இலேசான பண்டமாதலின், பெட்டகம் எடையால் நிறையுமுன் இடத்தால் நிறைந்துவிடும். ஆலைவாயிலில் பூட்டி முத்திரையிட்ட பெட்டகம் லாரியிலிருந்து கப்பலுக்கும், கொழும்பிலோ சிங்கப்பூரிலோ பெரிய கப்பலுக்கும் மாறினும், உள்ளிருக்கும் பண்டத்தை எவரும் தொடுவதில்லை. அமெரிக்கா சேர ஒரு மாதத்திற்கு மேலாகும். அத்தனை நாளும் அச்சரக்கில் முடங்கிய பணத்திற்கு வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். திட்டமிடுவோர் இதனையும் செலவிலேயே எழுதுவர். அயல்நாட்டு மூலப்பொருளைச் சுங்கமின்றி இறக்கி, செய்பொருளை ஏற்றுமதி செய்ய 2005 ஆம் ஆண்டின் விசேஷப் பொருளாதார மண்டலச் சட்டம் வழிசெய்தது. செய்யாற்று ஆலை அத்தகைய மண்டலத்தினுள்ளேயே அமைந்தது.

இத்தனை கணக்கும் ஓரிடத்திலேயே நிலைத்திருப்பதன்று. நைக்கியின் பாதரட்சைகள் முதலில் ஜப்பானிலும், பின்னர்க் கொரியா, தாய்வான் நாடுகளிலும், அங்குக் கூலி உயரவே சீனம், இந்தோனேசியா, வியட்நாம் நாடுகளிலும் செய்யப்பட்டன. தாய்வான் முதலாளிகள் தம் நாட்டில் கற்ற தொழிலைக் கையிலெடுத்துக்கொண்டு அத்திசைகளுக்கெல்லாம் சென்றனர். அவ்வழியில் ஒரு தங்குமிடமே செய்யாறு. கூலி ஒன்றையே கருதி முழுவதையும் ஓர் நாட்டில் வைத்தால் நேருந் தீங்கும் வெளிப்பட்டது. 2021 ஆம் ஆண்டில், நைக்கியின் பாதரட்சைகளில் ஏறத்தாழப் பாதி வியட்நாமிற் செய்யப்பட்டுவந்த காலத்தில், தொற்றுநோயால் அந்நாட்டு ஆலைகள் மூடப்பட்டன; சுமார் பத்து வார உற்பத்தி போயிற்று. பல நாடுகளில் ஆலைகளைப் பிரித்துவைப்பது அதன்பின் மேலும் விரும்பப்பட்டது. இந்தியாவிற்கு அதனால் வந்த ஆதாயத்திற்கும் உறுதியில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது 50 சதவீதம் வரி விதித்தபோது, அதுவரை இலாபமென்று தெரிந்த இடம் ஒரே மாதத்தில் நஷ்டமென்று தெரியலாயிற்று.

திண்டிவனம், நகரி ஆகிய ஊர்களை இணைத்துச் செய்யாற்றின் வழியே இருப்புப்பாதை போடுவதென்னும் திட்டம் 2006-07 ஆம் ஆண்டிலேயே ரயில்வே வரவு செலவுக் கணக்கில் இடம்பெற்றது. செய்யாற்றில் இன்னும் தண்டவாளத்தைக் காணோம். பெட்டகமும் பேருந்தும் கரும்பு வண்டியும் ஒரே சாலையில் நெருக்கிச் செல்கின்றன.

இனி, நிலத்தைப்பற்றி ஒரு வார்த்தை. திட்டமிடுவோர் பட்டியலில் நிலம் ஏக்கருக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். தொழிற்பேட்டையை மேலும் விரிப்பதற்காக மேல்மா முதலிய கிராமங்களில் 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எடுக்க முற்பட்டபோது, உழவர்கள் 2023 ஜூலையில் போராட்டந் தொடங்கினர். நவம்பரில் பலர் சிறைப்பட்டனர். எழுவர்மீது குண்டர் தடுப்புச் சட்டம் ஏவப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழ, சில நாட்களில் அறுவர்மீதிருந்த ஆணை நீக்கப்பட்டது. ஆலையில் தைக்கும் பெண்ணும், நிலத்தை விடேனென்று பந்தலில் அமர்ந்த உழவரும் இப்பகுதிக் கிராமங்களின் மக்களே. சில வீடுகளில் அவ்விருவரும் மகளும் தந்தையுமாய் இருத்தலும் கூடும். மாலையில் பேருந்து அவளை இறக்கிவிடும்போது, தந்தை அந்த நிலத்திலிருந்துதான் வீடு திரும்பியிருப்பார்.