விண்ணப்பத்தில் எழுதிய 'இல்லை'

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தணிக்கை செய்துகொண்டிருந்தபோது, அங்கத்தினர் ஒருவரின் மனைவியார் ஒரு காகிதக் கட்டை என் மேஜைமீது வைத்தார். அவர் கணவருக்கு வாயில் புற்றுநோய் கண்டிருந்தது. குறித்த கொடிய நோய்களுள் ஒன்று கண்டால் மொத்தத் தொகையை ஒருங்கே வழங்கும் இன்ஷூரன்ஸ் பாலிசியை அவர் எடுத்து இரண்டாண்டுகளும் நிறையவில்லை. ஆயினும், புகையிலைப் பழக்கத்தை மறைத்தார் என்று கூறிக் கம்பெனி தொகையை மறுத்துவிட்டது.

விண்ணப்பத்தைப் பார்த்தேன். புகையிலை உபயோகிப்பதுண்டா என்ற கேள்விக்கு, 'இல்லை' என்று ஏஜெண்டு எழுதியிருந்தார். கீழே அங்கத்தினர் ஒப்பமிட்டிருந்தார். அதற்குச் சாட்சியாகக் கையெழுத்திட்டிருந்தவன் நானே! இருபதாண்டுகளாக வெற்றிலை புகையிலையுடன் தறியில் அமர்ந்தவர் அவர் என்பதை அறிந்திருந்தும், படித்துப் பாராமல் இட்ட கையெழுத்து அது.

டாக்டரிடம் அவர் உண்மையைச் சொல்லியிருந்தார். மருத்துவமனைக் குறிப்பில் அது பதிவாகியிருந்தது. அவ்விதம் சொல்லியதே முறை. பிழை விண்ணப்பத்தில்தான் நேர்ந்தது. இருப்புப் புத்தகமும் கிடங்கும் ஒத்திராவிடில் நாம் எதை நம்புவோம்? கிடங்கைத்தானே! கம்பெனியும் அவ்வாறே செய்கிறது.

பிரிமியம் கூடிவிடும் என்று அஞ்சியே பலர் பழக்கத்தை மறைக்கின்றனர். ஆனால் அதன் விளைவு பெரிது. ஹரியானாவைச் சேர்ந்த ஒருவர், நெடுநாள் மதுப்பழக்கத்தை மறைத்து 2013-இல் மருத்துவ பாலிசி எடுத்தார்; மறு ஆண்டே நோயுற்று மாண்டார். நுகர்வோர் மன்றங்கள் குடும்பத்தாருக்குத் தொகை வழங்க உத்தரவிட்டும், கம்பெனி மறுத்தது சரியே என்று 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

சட்டம் ஒரு வரம்பும் வகுத்துள்ளது. ஆயுள் பாலிசியையும் அதனுடன் இணைந்த கூடுதல் காப்பையும், 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி, 3 ஆண்டுகளுக்குப் பின் கம்பெனி ஆட்சேபிக்க இயலாது. மருத்துவ பாலிசிக்கு, 2024 முதல் இவ்வரம்பு தொடர்ந்த 60 மாதங்கள். மருத்துவ பாலிசியில் நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு மட்டும் விலக்குண்டு. நோய் இவ்வரம்பு கடக்கும்வரை காத்திராது. ஆதலின் இதை நம்பி மறைத்தல் பேதைமையாகும்.

அங்கத்தினர்கள் செய்ய வேண்டுவன சிலவே. வெற்றுப் படிவத்தில் ஒப்பமிடாதீர்கள். பீடி, புகையிலை, மது, பழைய நோய் ஆகியவற்றை உள்ளபடி எழுதுவியுங்கள். பாலிசியுடன் வரும் விண்ணப்ப நகலைப் படியுங்கள். தவறிருப்பின் உடனே கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பாலிசி வேண்டாமெனில் 30 நாட்களுக்குள் திருப்பிவிடலாம். தொகை மறுக்கப்பட்டால், முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தியளிக்காவிடினும், ஆம்புட்ஸ்மன் என்னும் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றி முறையிடலாம். சென்னையிலும் அவ்வலுவலகம் உண்டு.

அவ்வம்மையாரின் முறையீட்டை நானே எழுதினேன். படிவத்தை நிரப்பியவர் ஏஜெண்டு என்பதையும், சாட்சி அதைப் படிக்கவில்லை என்பதையும் மறையாது குறித்தேன். முடிவு இன்னும் வரவில்லை. இப்பொழுதெல்லாம் சங்கத்தில் யார் படிவம் கொண்டுவரினும், ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே பேனாவை எடுக்கிறேன். சங்கக் காரியதரிசிகளும் இவ்வழக்கத்தை மேற்கொள்வாராக.