இமயமலை எபிட்ரா

இமயமலை எபிட்ரா என்பது இமயமலையின் உயரமான, வறண்ட பகுதிகளில் வளரும் குட்டையான புதர்ச்செடி ஆகும். இதன் தாவரவியல் பெயர் எபிட்ரா ஜெரார்டியானா. வட இந்தியாவில் சோமலதா என்றும் அழைக்கப்படுகிறது. ஆஸ்துமா, இருமல், சளி ஆகியவற்றுக்கு மரபு மருத்துவத்தில் பயன்படுகிறது.

தோற்றமும் வாழிடமும்

ஆப்கானிஸ்தான் முதல் பூட்டான், திபெத் வரை இச்செடி காணப்படுகிறது. இந்தியாவில் லடாக், இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி போன்ற குளிர்ப் பாலைவனங்களில் வளர்கிறது. லடாக்கின் லே நகரில் ஆண்டு மழையளவு சுமார் 100 மி.மீ. மட்டுமே. நீரிழப்பைக் குறைக்கும் வகையில் இதன் இலைகள் சிறு செதில்களாகச் சுருங்கியுள்ளன. ஒளிச்சேர்க்கையைப் பச்சைத் தண்டுகளே செய்கின்றன. பைன் மரத்தைப் போல இதுவும் வித்துமூடியிலித் தாவரம். பழம்போல் தோன்றும் சிவந்த பகுதி உண்மையான கனி அன்று. விதையைச் சூழ்ந்த சதைப்பற்றுள்ள செதில்களே அவ்வாறு தோன்றுகின்றன.

வேதிப்பொருள்கள்

இதன் தண்டுகளில் எபிட்ரின், சூடோஎபிட்ரின் என்னும் ஆல்கலாய்டுகள் உள்ளன. எபிட்ரினை 1885-இல் சப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி மற்றோர் எபிட்ரா இனத்திலிருந்து பிரித்தெடுத்தார். இது மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்தி மூச்சுவிடுவதை எளிதாக்குகிறது. தண்டுவட மயக்க மருந்து தரும்போது இரத்த அழுத்தம் குறைந்தால், அதை உயர்த்த மருத்துவர்கள் இன்றும் எபிட்ரின் ஊசியைப் பயன்படுத்துகின்றனர்.

பக்கவிளைவுகள்

எபிட்ரின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துவதால், இதய நோயாளிகளுக்கும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆபத்தானது. உடல் எடையைக் குறைப்பதற்காக விற்கப்பட்ட எபிட்ரா மாத்திரைகளால் மாரடைப்பு, பக்கவாதம், உயிரிழப்பு ஆகியவை ஏற்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. இதனால் 2004-இல் அமெரிக்கா எபிட்ரின் ஆல்கலாய்டுகள் கொண்ட துணை உணவுப் பொருள்களைத் தடை செய்தது. மூலிகை என்பதால் தீங்கற்றது என்று கருதி, மருத்துவர் ஆலோசனையின்றி இதை உட்கொள்ளக் கூடாது. எபிட்ரினிலிருந்து மெத்தாம்பெட்டமைன் என்னும் போதைப்பொருளைத் தயாரிக்க முடியும் என்பதால், இந்தியாவில் எபிட்ரினின் உற்பத்தியும் விற்பனையும் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன.

பாதுகாப்பு

குளிரும் வறட்சியும் மிகுந்த சூழலில் இச்செடி மிக மெதுவாகவே வளர்கிறது. மருந்துக்காகவும் விறகுக்காகவும் வேரோடு பிடுங்கப்படும் இடங்களில் மீண்டும் தழைப்பது கடினம். மண்ணைப் பிடித்திருக்கும் வேர் போனால் மண் அரிப்பும் கூடும். மருந்துப்பொருளான எபிட்ரின் பச்சைத் தண்டுகளில்தான் உள்ளது. வேரில் அது அநேகமாக இல்லை. எனவே தண்டின் மேற்பகுதியை மட்டும் வெட்டி, அடிப்பகுதியை மண்ணிலேயே விட்டால் மருந்தும் கிடைக்கும், செடியும் பிழைக்கும்.