மாவில் கேட்கும் பனி

திரையில் ஒருவர் உறைபனியில் நடக்கிறார். காலடியில் பனி நறநறவென்று நெரிபடுகிறது. அந்தச் சத்தம் பெரும்பாலும் பனியிலிருந்து வந்ததல்ல, நேயர்களே! ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் தோல் பையில் மக்காச்சோள மாவை நிரப்பி, அந்த நடைக்கு ஏற்றபடி அமுக்கிக்கொண்டிருப்பார்.

இந்தக் கலைக்கு ஃபோலி என்று பெயர். அமெரிக்காவின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஜாக் ஃபோலியின் பெயர்தான் அது. 1929-இல் வெளிவந்த ‘ஷோ போட்’ படத்துக்கு ஒலி சேர்க்கப் போனவர், அதன் பிறகு காலமெல்லாம் அடுத்தவர் காலுக்கு நடந்தார். திரையைப் பார்த்தபடியே நடிகரின் நடையைத் தன் காலில் வாங்கிக்கொள்வார். 1960-இல் வந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தில் படை திரண்டு வரும் காட்சிக்கு, அவர் சாவிக்கொத்தைக் குலுக்கியே கவசச் சத்தம் கொடுத்தார் என்று திரையுலகில் சொல்வார்கள்.

எலும்பு முறியச் செலரித் தண்டு, குதிரை ஓடக் கொட்டாங்கச்சி, பறவை சிறகடிக்கத் தோல் கையுறை. ஸ்டுடியோவா, பழைய சாமான் கடையா என்று சந்தேகம் வரும்!

ஏன் இந்தப் பாடு? படப்பிடிப்பில் மைக் நடிகரின் வாயைத்தான் தேடிப் போகும். காலடியும் துணிச் சரசரப்பும் சரியாக விழாது. இன்னொரு காரணம், டப்பிங். ஆங்கில வசனத்தை எடுத்தால், அதோடு சேர்ந்து பதிவான சத்தங்களும் போய்விடும். ஹாலிவுட் நாயகன் தமிழ் பேசியபடி மேசையில் கோப்பையை வைக்கும்போது கேட்கிறதே ஒரு ‘டக்’, அது அநேகமாக ஃபோலிக்காரர் வைத்த கோப்பைதான்.