ஈரம் துடைக்கையில் விழும் கீறல்

முதுமலைக் காட்டின் நடுவே, மாயாற்றின் கரையில் உள்ளது தெப்பக்காடு. அங்குள்ள வனத்துறை யானைகள் முகாமுக்குச் சென்றவர்கள், யானையைப் பாகன் தண்ணீரில் தேய்த்துக் குளிப்பாட்டும் காட்சியைக் கண்டிருப்பார்கள். அழுத்தித் தேய்த்தாலும் யானை பொறுத்துக்கொள்ளும். அதன் தோல் சில இடங்களில் ஏறக்குறைய 2.5 செ.மீ. தடிப்புள்ளது. கரையேறியதும் அது தன் மேல் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். வெயிலையும் பூச்சிகளையும் தடுக்க அதுவே அதன் போர்வை.

அதே ஊர்ச் சாலையில் புழுதி படிந்து நிற்கும் ஒரு ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தகட்டின் மேலுள்ள வண்ணப்பூச்சு அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே சுமார் 0.1 மி.மீ. தான் இருக்கும். பளபளப்பைத் தருகின்ற, நிறமற்ற மேற்பூச்சு அதில் பாதிகூட இராது. ஒரு தலைமயிரின் பருமனைவிடக் குறைவு! யானைத்தோல் வளர்ந்து புதுப்பித்துக்கொள்ளும். பூச்சு அப்படியன்று.

இனிப் புழுதியைக் கவனிப்போம். மண்ணிலுள்ள மணல்துகள்களில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமம். ஜெர்மானியக் கனிமவியலார் பிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவையில் வைரத்துக்கு எண் 10, குவார்ட்ஸுக்கு 7. சன்னல் கண்ணாடிக்கே சுமார் 5.5 தான். (புழுதி படிந்த முன்கண்ணாடியில் நீரின்றி வைப்பரை ஓட்டக் கூடாது என்பது இதனால்தான்.) பூச்சோ வெறும் பிசின், கண்ணாடியைவிட மிக மென்மையானது. கழுவிய பிறகும் நாலைந்து துகள்கள் தங்கிவிட்டால், அவற்றின் மேல் அழுத்தி இழுக்கப்படும் துணி உப்புத்தாளாகிவிடுகிறது.

கீறல்கள் ஏன் சிலந்தி வலைபோல் வட்டவட்டமாகத் தெரிகின்றன? வட்டமாகத் துடைத்ததால் என்று பலர் எண்ணுவர். வீட்டில் பழகிய எவர்சில்வர் தட்டு ஒன்றை விளக்கொளியில் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி மெல்லிய வளையங்கள் தெரியும். தலையை நகர்த்துங்கள், வளையங்களும் கூடவே நகரும்! கீறல்கள் எல்லாத் திசைகளிலும் இருக்கின்றன. ஆயினும் பிம்பத்தைச் சுற்றி வளையம்போல் அமைந்த கீறல்களே ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை மறைந்து கிடக்கின்றன. ஆகவே நேர்கோட்டில் துடைத்தாலும் மணல் இருந்தால் கீறல் விழவே செய்யும்.

அப்படியானால் துடைக்காமலே வெயிலில் காயவிடலாமே எனக் கேட்பீர்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். நீர் ஆவியாகும்போது இவை ஆவியாவதில்லை. ஒவ்வொரு துளியும் தன் இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டை விட்டுச் செல்லும். எனவே நிழலில் நிறுத்தி, ஈரத்தை விரைவில் அகற்றுவதே நல்லது.

முதலில் நீரைக் கொண்டே நீரை விரட்டுங்கள். ஹோஸ் குழாயின் முனையைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து மெதுவாக வழியவிடுங்கள். வழியும் நீர் பரப்பு இழுவிசையால் சிதறிய துளிகளையும் தன்னோடு சேர்த்து இழுத்துச் செல்லும். எஞ்சுவது கொஞ்சமே. அதன் மேல் துணியை விரித்து, ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

எந்தத் துணி? பட்டறைகளில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டைத் தொடவே கூடாது. அதில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கலாம். பருத்தித் துண்டு பரவாயில்லை. ஆனால் ஓரத்தையல் உறுத்தும். சிறந்தது மைக்ரோஃபைபர். ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்பவர் 1970-இல் உருவாக்கிய மிக நுண்ணிய இழைகள் இவ்வகைத் துணிகளுக்கு வழிவகுத்தன. தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய இழைகளின் இடைவெளிகளில் நீர் நுண்புழை ஏற்றத்தால் உறிஞ்சப்படுகிறது. துகள்களும் அவற்றுள் ஓரளவு புதைந்துவிடுகின்றன. துணி தரையில் விழுந்துவிட்டால் அலசாமல் மீண்டும் எடுக்காதீர்கள்.

ஒன்று முக்கியம். வண்டியை மாயாற்றில் இறக்கிக் கழுவக் கூடாது. எண்ணெயும் சோப்பும் யானைகள் குடிக்கும் நீரில் கலப்பதோடு நில்லா. மாயாறு பவானிசாகர் அணைக்குச் செல்கிறது. அங்கிருந்து எத்தனை வயல்கள், எத்தனை வீடுகள்!

துடைக்கும் வரிசை மேலிருந்து கீழ்: கூரை, கண்ணாடி, பானெட், பிறகு பக்கங்கள். சக்கரங்களை ஒட்டிய அடிப்பகுதியில்தான் மணல் மிகுதி. அதற்கு வேறொரு துணியை ஒதுக்கி வையுங்கள். கடைசியாகக் கதவுகளைத் திறந்து மூடுங்கள். இடுக்கில் தேங்கிய நீர் அப்போதுதான் வழியும்.